வாசகர் கேள்விகள்: பிள்ளைகள் பள்ளிக்குப் போயாச்சு, நானும் டீச்சராகப் போகலாமா?

கேள்வி: மேடம், எனக்கு 36 வயது. பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன், சின்னவன் பிறந்ததும் விட்டுவிட்டேன். இப்போது பெரியவள் நான்காம் வகுப்பு, சின்னவன் யு.கே.ஜி. இருவருக்கும் நான்தான் பாடம் சொல்லித் தருகிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அரசு தொடக்கப் பள்ளியில் டீச்சராக வேண்டும் என்று ஆசை. "உனக்குத்தான் பி.எட். இருக்கே, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதினால் போதும்" என்கிறார் என் நாத்தனார். சரிதானா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நாத்தனார் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் அவர் சொல்வது இப்போது செல்லாது. பி.எட். படித்தவர்களும் ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கலாம், வேலையில் சேர்ந்த பிறகு ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்று ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில் 2018-இல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது உண்மை. அதை உச்ச நீதிமன்றம் 11 ஆகஸ்ட் 2023 அன்று ரத்து செய்துவிட்டது. பி.எட். பயிற்சி பெரிய வகுப்புகளுக்கானது, ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் பழக்குவது வேறு பயிற்சி, அதற்கு டி.எல்.எட். என்கிற தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான் தகுதி என்பது தீர்ப்பின் சாரம். கசப்பாக இருந்தாலும் நியாயம் என்றே எனக்குப் படுகிறது. பிளஸ் டூவுக்கு கால்குலஸ் அருமையாக நடத்தும் ஆசிரியர்கள் ஒன்றாம் வகுப்பில் அரை மணி நேரம் நிற்க முடியாமல் திணறியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் டி.எல்.எட். படிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இரண்டு வருடப் படிப்பு, நேரில் போக வேண்டும். சேர்க்கைக்கு வயது உச்சவரம்பு இருக்கிறது, அதனால் எந்தக் கல்லூரி, என்ன கட்டணம் என்று விசாரிக்கும் முன்னால் அந்த வருடத்துச் சேர்க்கை விளக்கக் குறிப்பில் வயது பற்றிய பத்தியைப் படித்துவிடுங்கள். 36 வயதில் உங்களுக்கு அங்கேயே கதவு மூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் உங்கள் கையில் இருக்கும் பி.எட். வீண் இல்லை. டெட் இரண்டாம் தாள் எழுதலாம், அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர்களுக்கானது. சின்னக் குழந்தைகள்தான் வேண்டும் என்று முகம் சுளிக்காதீர்கள். நம் ஊர் நடுநிலைப் பள்ளி என்பது ஒன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே வளாகத்தில் நடப்பது. அங்கே கணக்கு டீச்சராகப் போனால் உங்கள் ஆறாம் வகுப்பில் கழித்தல் தெரியாத பிள்ளை கட்டாயம் இருக்கும், அந்தப் பிள்ளைக்கு நீங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர்தான். கணக்கு படித்தவர்கள் அங்கே ரொம்பத் தேவை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தப் பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருவது பிடித்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வீட்டுக்கு வருகிற பிள்ளை ஏற்கெனவே அனுப்பிவைக்கப்பட்ட பிள்ளை. பள்ளியில் உங்கள் முன்னால் இருக்கும் முப்பது பேரில் காலையில் சாப்பிடாமல் வந்தவன், வீட்டில் வேறு மொழி பேசுகிறவள், நேற்று ராத்திரி அப்பா அம்மா சண்டையில் தூங்காதவன் எல்லாரும் இருப்பார்கள். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு முதல் பாடவேளையில் முகங்கள் கொஞ்சம் மாறியிருக்கின்றன என்று இப்போது வேலையில் இருக்கும் தோழிகள் சொல்கிறார்கள், அது பெரிய விஷயம். ஆனாலும் பல தொடக்கப் பள்ளிகள் இன்றும் ஈராசிரியர் பள்ளிகள்தான். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பதே கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு, ஆக ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒரே அறைக்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகளுக்கு மூன்று விதமான வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவது வேறு. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போன நாளில் பள்ளி முழுக்க உங்கள் தலையில்.

அதனால் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்வதற்கு முன்னால் உங்கள் வார்டில் உள்ள பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். உங்கள் பிள்ளை அங்கே படித்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேரலாம், இல்லாவிட்டாலும் வாசிப்புக்கு உதவ வாரம் இரண்டு நாள் வரட்டுமா என்று கேட்கலாம், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இல்லம் தேடிக் கல்வி 2021-இல் தொடங்கியபோது தொடக்க வகுப்புத் தன்னார்வலராகப் பிளஸ் டூ போதும், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அழைத்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்ற பெண்கள்தான். பணத்துக்காக அந்த வேலையை யாரும் செய்திருக்க முடியாது, ஆனால் இந்த வேலை தனக்கு ஆகுமா ஆகாதா என்பது ஒரு பருவத்துக்குள் அவர்களுக்குத் தெரிந்துபோனது.

கேள்வி: 2007-இல் ஆசிரியர் பயிற்சி முடித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, விடாமல் புதுப்பித்தும் வருகிறேன். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், இடையில் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை என்று காலம் ஓடிவிட்டது. இப்போது வயது 38. என் டிப்ளமோ செல்லுமா? பதிவு மூப்பில் எனக்கு எப்போது கூப்பிடுவார்கள்?
- வாசகி, சங்கரன்கோவில்

பதில்: முதல் கேள்விக்குச் செல்லும், இரண்டாவதற்குக் கூப்பிட மாட்டார்கள். பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் கடிதம் வரும் என்று காத்திருக்கும் பெண்கள் இன்னும் எத்தனையோ பேர், அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இப்போது டெட் தேர்ச்சி கட்டாயம், அதற்கு மேல் நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்று 2018-இல் அரசாணை 149 வந்துவிட்டது. ஆக உங்களுக்கு முன்னால் இரண்டு படி.

முதல் படி டெட் முதல் தாள். 150 கேள்வி, 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல், ஒவ்வொன்றிலும் 30. பொதுப் பிரிவுக்கு 90 எடுக்க வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு, எவ்வளவு என்பதை அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை தேறிவிட்டால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் தேர்வு வருடா வருடம் நடப்பதில்லை. 2022-க்குப் பிறகு அடுத்தது 2025 நவம்பரில்தான் வந்தது. அறிவிப்பு வந்த பிறகு படிக்க ஆரம்பிக்கலாம் என்று இருந்தால் நேரம் போதாது.

நீங்கள் பயிற்சிக் காலத்தில் படித்த பாடநூல்கள் இப்போது இல்லை. 2018-19, 2019-20 இரண்டு கல்வியாண்டுகளில் எல்லா வகுப்புக்கும் புத்தகம் மாறிவிட்டது. உங்கள் பிள்ளைகள் சமச்சீர் பாடத்திட்டத்தில் படித்தால் அவர்களுடைய பழைய புத்தகங்களை எடைக்குப் போடாதீர்கள், அவைதான் உங்களுக்கு முதல் கைடு. ஒன்று முதல் எட்டு வரை தமிழையும் கணக்கையும் வரி விடாமல் படியுங்கள். நிறையப் பேர் தடுக்கி விழுவது குழந்தை மேம்பாட்டுப் பகுதியில்தான். பியாஜே, வைகாட்ஸ்கி என்று உளவியலாளர்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை, வகுப்பறைச் சூழல் ஒன்றைக் கொடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்பார்கள். இரண்டு பிள்ளைகளை வளர்த்த அனுபவம் அங்கே கை கொடுக்கும்.

இரண்டாவது படி போட்டித் தேர்வு. அதில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. 2024 பிப்ரவரியில் 1,768 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, இடங்களைப் பிறகு கூட்டினார்கள், ஜூலையில் தேர்வு, தேர்வானவர்கள் கைக்குப் பணி ஆணை வந்தது 2025-இல். அதற்கு முன்னால் பல வருடம் இடைநிலை ஆசிரியர், அதாவது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்தும் ஆசிரியர், நேரடி நியமனமே கிடையாது. வயது பற்றிக் கவலைப்படாதீர்கள், 2023-இல் உச்சவரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்திவிட்டார்கள். அடிப்படைச் சம்பளம் 20,600-இல் தொடங்கும், அதன் மேல் படிகள். 2009 ஜூனுக்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு ஏன் போராடுகிறார்கள் என்பது உள்ளே போன பிறகு உங்களுக்கே புரியும்.

இடம்தான் யோசிக்க வேண்டியது. காலியிடங்கள் வட மாவட்டங்களில் அதிகம். சங்கரன்கோவிலில் இருந்து திருவண்ணாமலைக்கோ கிருஷ்ணகிரிக்கோ போட்டால் போவீர்களா? தொடக்கக் கல்வியில் ஒன்றிய அளவில் இருந்த பணிமூப்பு முன்னுரிமையை 2023 டிசம்பரில் அரசாணை 243 மூலம் மாநில அளவுக்கு மாற்றிவிட்டார்கள், ஆக 'இரண்டு வருடத்தில் மாறுதல் வாங்கிக்கலாம்' என்று எளிதாகச் சொல்கிறவர்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பெரியவன் பத்தாம் வகுப்பு எழுதும் வருடத்தில் ஆணை வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் இப்போதே பேசிவையுங்கள். அதுவரை உள்ளூர்ப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக இடம் வருகிறதா என்றும் விசாரியுங்கள். 2022-இல் அப்படி எடுத்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 12,000 தொகுப்பூதியம், டெட் தேறியவர்களுக்கு முன்னுரிமை.

கேள்வி: ஒரு வருட மாண்டிசோரி டிப்ளமோ, சனி ஞாயிறு மட்டும் வகுப்பு, 'அரசு வேலைக்கும் செல்லும்' என்று ஒரு நிறுவனம் 55,000 ரூபாய் கேட்கிறது. சேரலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: தனியார் மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராகப் போக வேண்டும் என்றால் பயன்படும், நல்ல இடமாக இருந்தால் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கும். ஆனால் அரசு தொடக்கப் பள்ளி வேலைக்குச் செல்லாது. டி.எல்.எட். என்பது இரண்டு வருடம், பள்ளியில் போய் நிற்கும் கற்பித்தல் பயிற்சி மட்டுமே இருபது வாரம், அதற்கு 90 சதவீத வருகை வேண்டும். இதை சனி ஞாயிறில் எப்படி முடிப்பது? பணம் கட்டும் முன்னால் 'தேசியக் கவுன்சில் அங்கீகார எண்ணை எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள், பேச்சு வேறு திசைக்குப் போனால் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: என் மனைவி டெட் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். எனக்கும் சம்மதம்தான். பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதுதான் பிரச்சினை.
- வாசகர், திருச்சி

பதில்: நீங்கள்தான் சார். தினமும் ராத்திரி ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை, வீட்டுப்பாடம், சாப்பாடு, தூங்க வைப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு, அந்த நேரத்தில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டும். 'ஏதாவது வேண்டும் என்றால் கூப்பிடு' என்று சொல்லிவிட்டு ஹாலில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது கணக்கில் வராது. வேலை கிடைத்த பிறகும் காலை எட்டு மணிக்கு அவர் பஸ் ஏற வேண்டியிருக்கும், அதனால் டிபன் பாக்ஸ் கட்டும் பழக்கத்தையும் இப்போதே தொடங்கிவிடுங்கள்.