அவள் ஆன்லைனில் இருக்கிறாளா என்று பார்க்காமல் தூங்க முடியவில்லை!

கேள்வி: என் வயது 29. நான்கு வருடம் காதலித்தோம். எட்டு மாதங்களுக்கு முன், “இது சரிவராது, இனி வேண்டாம்” என்று அவள் சொல்லிவிட்டாள். என்னால் இன்னும் மீண்டு வர முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அவளுடைய ‘லாஸ்ட் சீன்’ பார்க்காமல் தூக்கம் வருவதில்லை. இன்ஸ்டாகிராமில் என்னை நீக்கிவிட்டாள். அதனால் வேறு பெயரில் ஒரு கணக்கு தொடங்கி அவளுடைய படங்களைப் பார்க்கிறேன். நள்ளிரவில் மெசேஜ் அனுப்புவேன். பெரும்பாலும் பதில் வராது. எப்போதாவது “நல்லா இருக்கியா?” என்று வரும். அன்று முழுக்க மனம் பறக்கும், மறுநாள் இன்னும் மோசமாகிவிடும். பசியில்லை, நெஞ்சில் பாரம், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு. நண்பர்கள் “மறந்துடுடா” என்கிறார்கள். இது மனநோயா? மறக்க மாத்திரை இருக்கிறதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஒருவரை மறக்க வைக்கும் மாத்திரை எதுவும் இல்லை. பிரிவால் வரும் துயரம் நோயும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை: “எப்போதாவது பதில் வரும்.” இந்த எட்டு மாதமும் நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது அந்த ‘எப்போதாவது’வில்தான் என்று நினைக்கிறேன்.

உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் பெற்றுப் பழகிய புறா, அது நின்றுபோனால் கொஞ்ச நேரத்தில் கொத்துவதை விட்டுவிடும். எப்போது விழும் என்றே தெரியாமல் விட்டுவிட்டுப் பெற்ற புறாவோ, தானியம் முழுக்க நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்டத்தை விட முடியாமல் தவிப்பவர்களிடமும் இதையேதான் பார்க்கிறோம். அவள் ஒருபோதும் பதில் போடாமல் இருந்திருந்தால் நீங்கள் இந்நேரம் ஓரளவு தேறியிருப்பீர்கள். தினமும் பேசியிருந்தால் இந்தத் தவிப்பே இருந்திருக்காது. எப்போதாவது வரும் அந்த இரண்டு வார்த்தைதான் உங்களை நள்ளிரவு வரை விழித்திருக்க வைக்கிறது.

மூளைக்குள்ளும் இது தெரிகிறது. காதலரால் நிராகரிக்கப்பட்டு, இன்னும் அவரையே நினைத்துக்கொண்டிருந்த 15 பேரை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. அந்த நபரின் படத்தைக் காட்டியதும் அவர்களிடம் தூண்டப்பட்ட பகுதிகளில் சில, கொகெயின் ஏக்கத்தில் தூண்டப்படும் அதே பகுதிகள். ஆகவே “எனக்கு மனவலிமை இல்லையோ” என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கு இப்போது இருப்பது, கிட்டத்தட்ட ஒரு பழக்கத்தை விடும்போது வரும் ஏக்கம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு தவிக்கிறேன் என்றால் இதுதான் உண்மையான காதல் என்று பலரும் முடிவு கட்டிக்கொள்கிறார்கள். தவிப்பின் அளவை வைத்துக் காதலை அளக்க முடியாது. விட்டுவிட்டுக் கிடைக்கும் எதற்கும் மனம் இப்படித்தான் ஏங்கும்.

நண்பர்கள் அன்போடுதான் “மறந்துடு” என்கிறார்கள். ஆனால் அது வேலைக்கு ஆகாது. வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சிலரிடம் சொல்லிப் பார்த்த சோதனை ஒன்று 1987இல் நடந்தது. அவர்களால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள். அதனால் நினைவு வந்தால் வரட்டும், அதோடு சண்டை போடாதீர்கள். நிறுத்த வேண்டியது நினைப்பதை அல்ல, தேடுவதை. நினைப்பு தானாக வருவது. தேடுவது உங்கள் விரல் செய்வது.

அந்த இரண்டாவது கணக்கை இன்றே அழித்துவிடுங்கள். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவள் உங்களை நீக்கியது, “என்னைப் பார்க்காதே” என்று சொன்னதற்குச் சமம். வேறு பெயரில் நுழைந்து பார்ப்பது அவளுக்குச் செய்யும் தவறு. அவளுக்குத் தெரியவந்தால் பயந்துபோவாள். நீங்கள் அவளைப் பயமுறுத்த நினைக்கும் ஆள் இல்லை என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு நேரடியாகச் சொல்கிறேன். எண்ணை நீக்குங்கள், பழைய உரையாடலைத் திரையிலிருந்து அகற்றுங்கள். படங்களை அழிக்க மனம் வராவிட்டால், ஒரு நண்பரிடம் கொடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.

“ஒரே ஒரு தடவை பேசினால் போதும் டாக்டர், காரணம் தெரிந்தால் விட்டுவிடுவேன்” என்று என்னிடம் வருபவர்கள் அடிக்கடி கேட்பார்கள். உங்களுக்கும் அது தோன்றும். அவள் காரணத்தைச் சொல்லிவிட்டாள்: சரிவராது. அதற்குமேல் எத்தனை விளக்கம் கிடைத்தாலும் “அது ஏன்?” என்று இன்னொரு கேள்விதான் முளைக்கும்.

நிறுத்திய முதல் சில நாட்கள் இப்போதைவிட மோசமாக இருக்கும். கை தானாகப் போனைத் தேடும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் “பார், என்னால் முடியவில்லை” என்று ஐந்தாம் நாளே திரும்பிவிடுவீர்கள். ஏக்கம் அலை மாதிரி எழும், உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானே இறங்கும். அந்த நேரத்தைக் கடக்க எழுந்து நடங்கள், குளியுங்கள், யாரிடமாவது பேசுங்கள். ஒரு நாள் தவறிப் பார்த்துவிட்டால் எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை, மறுநாளிலிருந்து தொடருங்கள். இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் போதும். மதுவைத் தொடாதீர்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும், நள்ளிரவு மெசேஜ்களையும் அதுதான் அனுப்ப வைக்கும்.

அவளுடைய குறைகளைப் பட்டியல் போடச் சொல்லிச் சிலர் அறிவுரை தருவார்கள். 24 பேரை வைத்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அது காதல் உணர்வைக் குறைத்தது உண்மைதான், ஆனால் மனநிலை அந்த நேரத்துக்கு இன்னும் கசந்துபோனது. அதனால் அவளைக் கெட்டவளாக்கிப் பார்க்கும்படி நான் சொல்ல மாட்டேன். அந்த நான்கு வருடத்தில் உங்களுக்கே ஒத்துவராமல் இருந்தவற்றை மட்டும் நேர்மையாக நினைத்துப் பாருங்கள், போதும்.

இனி உடம்பு. நெஞ்சுப் பாரம் மனச்சுமையாலும் வரும். ஆனாலும் ஒரு தடவை இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். நடக்கும்போது வலி கூடினாலோ, கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவனிப்பது விடியற்காலை விழிப்பும் பசியின்மையும். எதிலும் ஆர்வமில்லாமல், நாள் முழுக்கச் சோர்வாக இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக மாறியிருக்கலாம். அதற்கு மாத்திரையும் உண்டு, பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு, இரண்டுமே பலன் தரும். அவளை மறக்க அல்ல, நீங்கள் தூங்கவும் சாப்பிடவும் வேலை பார்க்கவும். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணமோ, அவளைத் தேடிப் போய் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற எண்ணமோ ஒரு தடவை வந்தால்கூடக் காத்திருக்க வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள்.

எட்டு மாதமாகச் சரியாகத் தூங்காதவர் நீங்கள். அதனால் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். “மறந்துடுடா” என்று சொன்ன அந்த நண்பர்களில் ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். அவர் என்ன சொல்லி உங்களுக்கு உதவலாம் என்று அங்கே அவரும் கேட்டுக்கொள்ளட்டும்.