மச்சான் லண்டன்ல ஓட்டல் வைக்கப் போறாராம்!

கேள்வி: என் மச்சான் லண்டன்ல ஓட்டல் போடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். அங்க மொத மொதல்ல ஓட்டல் வெச்ச நம்மாளு யாரு, பொழைச்சாரா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இத மச்சானுக்கு முழுசா படிச்சுக் காட்டுங்க, பாதியில நிறுத்தினா பயந்துடுவாரு. நீங்க கேட்ட அந்த மொத ஓட்டல்காரர் பேரு ஷேக் தீன் முகமது, 1759ல பாட்னாவுல பொறந்தவர். 10, 11 வயசுலயே கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்தோட ஒட்டிக்கிட்டு, ஒரு ஐரிஷ் அதிகாரி பின்னாடியே 1784ல அயர்லாந்துக்குக் கப்பலேறி, அங்கயே ஜேன் டேலிங்கற பொண்ணைக் கட்டிக்கிட்டு, 1794ல இங்கிலீஷ்ல புத்தகமும் போட்டாரு. இங்கிலீஷ்ல புத்தகம் போட்ட மொத இந்தியர் இவர்தான்.

அப்புறம் லண்டன். 1810ல ஜார்ஜ் தெருவுல 'ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ்'. பேருதான் காபி ஹவுஸ், உள்ள இங்கிலீஷ்காரங்க 'கறி'ன்னு சொல்ற மசாலாக் குழம்பு, சோறு, மூங்கில் நாற்காலி, புகைக்கிறவங்களுக்குன்னு தனியா ஹூக்கா ரூம். இங்கிலாந்துல இதுவரைக்கும் செஞ்ச எந்தக் கறியும் எங்க கறிகிட்ட நிக்காதுன்னு 1811ல பேப்பர்ல விளம்பரம் வேற.

1812ல திவால்!

சமையல்ல குறையில்லீங்க, கணக்குலதான் கோட்டை விட்டாரு. அவரு நம்பினது இந்தியாவுல காசு சேத்துட்டு ஊர் திரும்பின துரைங்களை, அவங்கள்ல பல பேரு வீட்டுலயே இந்திய சமையல்காரர் இருக்க, எதுக்கு வெளிய வந்து சாப்பிடப் போறாங்க? போதாததுக்கு லண்டன்லயே ஹேமார்க்கெட் பக்கம் ஒரு காபிக்கடையில 1773லயே கறி போட ஆரம்பிச்சுட்டாங்க. இந்தியர் ஒருத்தர் நடத்தினதுங்கறதுல மட்டும்தான் இவரு கடை முதல்.

முதலாளியா இருந்தவரு மறு வருஷம் பட்லர் வேலை கேட்டு விளம்பரம் குடுத்தாரு, எனக்கு அந்த விளம்பரத்த நெனச்சாதான் பாவமா இருக்கு. ஆனா அதோட ஓய்ஞ்சு போகல. பிரைட்டன்ங்கற கடற்கரை ஊருக்குப் போயி ஆவிக்குளியல், மசாஜ்னு ஆரம்பிச்சு, நாலாம் ஜார்ஜ், நாலாம் வில்லியம்னு ரெண்டு ராஜாக்களுக்கு 'ஷாம்பூ சர்ஜன்' ஆனாரு. அப்பல்லாம் ஷாம்பூன்னா உடம்பு பிடிச்சு விடறது, தலைக்குத் தேய்க்கிறது இல்ல.

கேள்வி: இந்த தீன் முகமதுக்கும் மெட்ராசுக்கும் ஏதோ சம்பந்தம் உண்டுங்கறாங்களே?
- வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: நேரா கெடையாது, ஆனா அவரோட பழைய முதலாளிக்கு உண்டு. கடை போடறதுக்கு முன்னாடி லண்டன்ல பேசில் காக்ரேன்னு ஒரு பணக்காரரோட ஆவிக்குளியல் நிலையத்துல வேலை பாத்தாரு. இந்த காக்ரேன் மெட்ராஸ்ல கப்பற்படைக்கு சாப்பாட்டுச் சாமான் சப்ளை பண்ணி காசு பாத்தவரு, எண்ணூருக்கு வெட்டின கால்வாய்க்கே அவரு பேருதான் இருந்துச்சு. உங்க ஏரியா பக்கம் காக்ரேன் பேசின் ரோடு இருக்குல்ல, அதே காக்ரேன்தாங்க.