மன்னிப்பும் சீட்டுப் பணமும்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் ஒருவர் ஏலச்சீட்டு நடத்திவந்தார். என் அம்மாவுக்கு வரவேண்டிய 2 லட்சம் ரூபாயைக் கொடுக்காமல், சீட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். இப்போது திரும்பி வந்திருக்கிறார். கிறிஸ்தவராகிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சியெல்லாம் சொல்கிறார். அம்மா பணத்தைக் கேட்டால், "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின அக்கா. ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீங்களும் மன்னித்துவிடுங்கள்" என்கிறார். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. விசுவாசித்தால் போதும், செய்ததற்குக் கணக்கே கிடையாது என்பதுதான் உங்கள் போதனையா? ஏமாந்தவர்களுக்கு அதில் என்ன இடம்?

கே.

அன்புள்ள கே.,

அவர் சொல்வது 2 கொரிந்தியர் 5:17. வசனம் சரி, அதை அவர் பயன்படுத்தும் விதம் தவறு. உங்கள் அம்மாவின் 2 லட்சம் இன்னும் கடன்தான். நாட்டுச் சட்டப்படி மட்டுமல்ல, அவர் கையில் வைத்திருக்கும் வேதாகமத்தின்படியும் கடன்தான்.

போதனையை முதலில் சொல்லிவிடுகிறேன். "எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களாகி" என்கிறார் பவுல் (ரோமர் 3:23). நன்மைகளைச் சேர்த்துவைத்து அந்தப் பாவத்தை ஈடுகட்ட எந்த மனிதனாலும் முடியாது. பாவிக்கு வரவேண்டிய தீர்ப்பைக் கிறிஸ்து சிலுவையில் தன்மேல் ஏற்றுக்கொண்டார். அவரைப் பற்றிக்கொள்கிறவனைக் கடவுள் நீதிமானாக ஏற்கிறார். அது இலவசம். பாதி அவர், பாதி நாம் என்ற பங்கு இதில் இல்லை. இதை நான் எந்தக் குறைவுமில்லாமல் நம்புகிறேன். சீட்டுப் பணத்தைத் தூக்கிக்கொண்டு போனவருக்கும் இது திறந்திருக்கிறது.

ஆனால் அங்கே தீர்வது கடவுளுக்கும் அவருக்கும் இடையிலான வழக்கு. உங்கள் அம்மாவுக்குச் சேரவேண்டியதைத் தள்ளுபடி செய்வதாகக் கடவுள் எங்கும் சொல்லவில்லை. இதற்கு நேர்மாறானதைத்தான் சொல்லியிருக்கிறார். லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை எடுத்துப் பாருங்கள். அயலான் நம்பி ஒப்படைத்த பொருளை ஒருவன் இல்லையென்று மறுத்துவிட்டுப் பிறகு தன் குற்றத்தை உணர்ந்தால் என்ன செய்யவேண்டும் என்று அங்கே இருக்கிறது. முதலை முழுசாகத் திருப்பித் தரவேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும், உரியவன் கையிலேயே தரவேண்டும். குற்றநிவாரண பலிக்கான ஆட்டுக்கடா அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. உங்கள் அம்மாவின் கணக்கில் இது 2,40,000 ரூபாய். மலைப்பிரசங்கத்தில் இயேசுவும் இதே வரிசையைத்தான் வைக்கிறார்: உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று பலிபீடத்தருகே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு (மத்தேயு 5:23, 24).

அப்படியானால் பணத்தைக் கொடுத்தால்தான் மன்னிப்பா, விசுவாசம் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். இதற்குச் சகேயுவைத்தான் பார்க்கவேண்டும் (லூக்கா 19). எரிகோவில் ஆயக்காரருக்குத் தலைவன் அவன், வரி வசூலில் பணக்காரனானவன். இயேசுவைப் பார்க்க ஒரு மரத்தில் ஏறியிருந்தான். அவனிடம் இயேசு நிபந்தனை எதுவும் போடவில்லை. மரத்தைவிட்டு இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார், அவ்வளவுதான். ஏற்றுக்கொள்ளுதல் முதலில் நடந்துவிடுகிறது. அதன் பிறகு அவனே எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது ஏதேனும் இருந்தால் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்கிறான். தானாக முன்வந்து ஒப்புக்கொள்கிறவனிடம் நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், முதலுக்கு மேல் கேட்டது ஐந்தில் ஒரு பங்கு மட்டும்தான். நாலு மடங்கு என்பது ஆட்டைத் திருடி அறுத்தவனுக்கோ விற்றவனுக்கோ உரிய தண்டனை (யாத்திராகமம் 22:1). சகேயு அதைத் தனக்குத் தானே விதித்துக்கொண்டான். இரட்சிப்புக்குக் கொடுத்த விலை அல்ல அது. இரட்சிப்பு வந்த வீட்டில் அடுத்து நடந்த காரியம். தெருவிலே கூடியிருந்த, அவனிடம் ஏமாந்த ஜனங்களுக்கு அந்த வீட்டில் நடந்தது இப்படித்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

விசுவாசம் என்பதைப் பழைய லூத்தரன், சீர்திருத்த இறையியலாளர்கள் மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள்: செய்தியை அறிவது, அது உண்மையென்று ஒப்புக்கொள்வது, தன்னையே அதன்மேல் ஒப்படைப்பது. முதல் இரண்டு மட்டும் போதுமென்றால் பிசாசுகளும் இரட்சிக்கப்பட்டிருக்கவேண்டும். "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்று யாக்கோபு எழுதுகிறார். சபையில் கை உயர்த்துவதும், போதகர் சொல்லச் சொல்ல ஒரு ஜெபத்தைத் திருப்பிச் சொல்வதும் தொடக்கமாக இருக்கலாம். எத்தனை கை உயர்ந்தது என்று எண்ணி, அத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று அறிவிக்கும் வழக்கத்தால்தான் உங்கள் தெருக்காரரைப் போன்றவர்கள் உருவாகிறார்கள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. அவருக்கு யாரும் மீதியைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மீட்பு விசுவாசத்தால் மட்டுமே என்று முழங்கிய ஜெர்மன் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் போராட்டமே மலிவான மன்னிப்பை எதிர்த்துத் தொடங்கியதுதான். 1517இல் ஜெர்மனியில் கத்தோலிக்கத் திருச்சபையின் பெயரில் பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்றார்கள். அவரவர் தகுதிக்கேற்ப விலை. வசூலில் பாதி ரோமில் பேதுரு பேராலயம் கட்டவும், பாதி மைன்ஸ் பேராயர் ஃபுக்கர் வங்கியில் வாங்கிய கடனை அடைக்கவும் போனது. லூத்தர் இருந்த விட்டன்பர்க் ஊர் மக்கள் எல்லை தாண்டிப் போய் அதை வாங்கிவந்தார்கள். அதற்கு எதிராக லூத்தர் எழுதிய 95 வாதங்களில் முதலாவது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பது. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கையிலும் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கின்றன: நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே ஏற்கப்படுகிறோம், அப்போது நாம் பெறும் பரிசுத்த ஆவியானவரே நம்மை நற்செயலுக்கு அழைக்கிறார்.

மன்னிப்பு கிடைத்தால் விளைவு நீங்கிவிடும் என்பதும் தவறு. இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு, கடைசி நேரத்தில் மன்னிக்கப்பட்ட கள்ளன், "நாம் நடப்பித்தவைகளுக்குத் தக்க பலனை அடைகிறோம்" என்று சிலுவையில் தொங்கியபடி சொன்னான். பரதீசில் இருப்பாய் என்ற வாக்குறுதி இயேசுவிடமிருந்து அவனுக்குக் கிடைத்தது. சிலுவையைவிட்டு இறக்கப்படவில்லை.

உங்கள் அம்மாவை மன்னிக்கச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. அவர் கேட்கலாம், அதுவும் தன் பங்கைச் செய்தபிறகு. அம்மா மனதார மன்னித்தாலும் பணத்தைக் கேட்கலாம், புகாரும் கொடுக்கலாம். பகையை விடுவது வேறு, பணத்தை விடுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி ஏழைகளின் வாயை அடைப்பதைப் பார்த்தால் எனக்குத் தாளமுடிவதில்லை.

செய்யவேண்டியது இது. மத்தேயு 18:15 முதல் 17 வரை சொல்வதுபோல முதலில் தனியாகப் பேசுங்கள். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போங்கள். அதற்கும் அசையாவிட்டால் அவருடைய போதகரிடம் லேவியராகமம் 6ஐயும் லூக்கா 19ஐயும் திறந்து காட்டிக் கேளுங்கள். கையில் பணமில்லை என்றால் எபேசியர் 4:28 இருக்கிறது: திருடினவன் தன் கைகளால் வேலைசெய்து பிறருக்குக் கொடுக்கவேண்டும். மாதம் 5,000 என்றாலும் 40 மாதத்தில் முதல் அடைந்துவிடும். இதை வாய்ப்பேச்சாக விடாமல் கடன் தொகை, தவணை, தேதி எல்லாம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பணம் வரவேண்டிய நாளிலிருந்து பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போட்டாகவேண்டும். அந்தக் காலத்துக்குள் அவர் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். காலம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.