கல்லு வேலை புடிச்ச பொண்ண எதுக்கு லண்டனுக்கு தள்ளுறீங்க?

போன ஞாயித்துக்கிழமை ஒரு குடும்பம் வெளிநாட்டுப் பயணத்துக்கு யோசனை கேட்டு என்கிட்ட வந்தாங்க. கிருஷ்ணகிரிலருந்து குப்பம் போற ரோட்டுல அப்பா சின்னதா கிரானைட் பாலிஷ் யூனிட் வச்சிருக்காரு, பொண்ணு பிகாம் கடைசி வருஷம், வயசு 20. ஜூன்ல பரிட்சையெல்லாம் முடிஞ்சிரும், அடுத்து என்னன்னு முடிவு பண்றதுக்குள்ள ஒரு சம்மர் கோர்ஸ் வெளிநாட்டுல படிச்சுட்டு அப்படியே நாலு ஊரு பாத்துட்டு வரட்டும்னு ஆசை. நல்ல ஆசைதான். ஆனா லண்டன்ல இருக்குற பெரியப்பா பையன் ஒரு ஏஜென்ட்ட காட்டி விட்டுட்டான், பேர் பெத்த காலேஜ் ஒண்ணுல ரெண்டு வாரம், அஞ்சரை லட்சம், பிளைட் தனி. கைல மூணரை இருக்கு, மீதிக்கு அம்மா கழுத்துல இருக்குறத அடகு வைக்கலாம்னு வீட்டுல பேச்சு ஓடிட்டு இருக்கு.

பயப்படாதீங்கக்கா பாத்துக்கலாம்னு முதல் அஞ்சு நிமிஷம் நானும் சொன்னேன். கொட்டேஷன வாங்கி கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சதும் அந்தப் பேச்ச விட்டுட்டேன். அண்ணா, இது அந்தப் பல்கலைக்கழகம் நடத்துற கோர்சே இல்ல. லீவு நாள்ல காலேஜ் கட்டடத்த வாடகைக்கு எடுத்து தனியார் கம்பெனி நடத்துறது, இந்த மாதிரி அங்க நிறைய இருக்கு. பொண்ணு அந்த ரூம்ல தங்கலாம், அந்த டைனிங் ஹால்ல சாப்பிடலாம், போட்டோ எடுத்துக்கலாம், சர்டிபிகேட்ல கையெழுத்து மட்டும் கம்பெனிக்காரன் கையெழுத்து. பல்கலைக்கழகமே நடத்துற சம்மர் கோர்சும் இருக்கு, அது வேற, இவங்க கைல இருந்தது அது கிடையாது. சொந்தக்காரங்க கிட்ட சொல்லிக்க ஒரு பேர் வேணும்னு அம்மா நகைய வைக்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்னு நேராவே சொல்லிட்டேன்.

இவ்வளவு நேரமும் பொண்ணு வாயே தொறக்கல. உனக்கு என்ன கண்ணு புடிக்கும்னு கேட்டதுக்கு அப்பா மூஞ்சியப் பாத்துட்டு பையிலருந்து துண்டுல சுத்தி வச்சிருந்த ஒண்ண எடுத்து மேசை மேல வச்சா. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருப்புக் கல்லு, யூனிட்ல கழிச்சுப் போட்ட துண்டு, அதுல ஒரு கோழி பாதி செதுக்கியிருக்கா, வாலும் முதுகும் வந்திருச்சு, தலை இன்னும் கல்லுக்குள்ளயே இருக்கு. நகத்து ஓரமெல்லாம் வெள்ளையா கல் பொடி. தருமபுரி மியூசியத்துல இருக்குற நடுகல்லு எல்லாத்தையும் போய் நோட்டுல வரைஞ்சு வச்சிருக்காளாம். அப்பாவுக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு அதப் பாத்ததும் லண்டன் பேச்சே மறந்து போச்சு.

அதனால நான் சொன்னது இத்தாலி. பாரிஸ், சுவிஸ், ரோம், வெனிஸ்னு பத்து நாள் பஸ்ல சுத்துற டூர் இல்ல, அதப் பத்தி இங்க பேசவே போறதில்ல. பெரூஜியான்னு ஒரு மலை ஊரு, ரோமுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் நடுவுல. அங்க வெளிநாட்டுக்காரங்களுக்கு இத்தாலிய மொழியும் கலாச்சாரமும் சொல்லிக் குடுக்கவே ஒரு அரசுப் பல்கலைக்கழகம் இருக்கு, 1921லருந்து கோர்ஸ் நடக்குது. இத்தாலிய மொழில ஒரு எழுத்தே தெரியாதவங்களும் சேரலாம், ஒரு மாச கோர்ஸ் போதும். ரயில்வே ஸ்டேஷன் அடிவாரத்துல, மேல போறதுக்கு மினிமெட்ரோன்னு குட்டி ரயில் ஓடுது. நடு ஊர்ல ஒரு நீரூற்று, 1278ல முடிச்சது, நிக்கோலாவும் அவர் மகன் ஜொவான்னி பிசானோவும் செதுக்குனது. அதச் சுத்தி ஒவ்வொரு மாசத்துக்கும் விவசாயி என்ன வேலை செய்வான்னு கல்லுல இருக்கு, அறுப்பு, திராட்சை பறிக்கறதுன்னு. நம்ம தருமபுரி கோட்டை காமாட்சி கோயில் அடித்தளத்துல ராமாயணத்த சின்னச் சின்னதா செதுக்கியிருக்காங்களே, அத உக்காந்து பாத்த பொண்ணு இந்த நீரூற்று முன்னாடி எவ்வளவு நேரம் நிப்பான்னு யோசிங்க, அதுவும் தினமும் கிளாஸ் முடிஞ்சு வர்ற வழில.

வார நாள்ல கிளாஸ், சனி ஞாயிறு கல்லு. அசிசி ரயில்ல அரை மணி நேரம்தான், ஊரே ரோஸ் கலர் மலைக்கல்லுல கட்டுனது. ஒரு வாரம் ஓர்வியேத்தோ கதீட்ரல், 1290ல ஆரம்பிச்சது, முகப்புல இருக்குற புடைப்புச் சிற்பத்த கிட்டப் போய் நின்னே பாக்கலாம். ஒரு வாரம் சியன்னா, அங்க கதீட்ரல் தரை முழுக்க கலர் மார்பிள பதிச்சு போட்ட படம், வருஷத்துல சில வாரம்தான் முழுசா திறந்து காட்டுவாங்க, மத்த நாள் மூடி வச்சிருப்பாங்க, அதனால தேதியப் பாத்துட்டு அப்புறமா டிக்கெட் எடுங்க.

கோர்ஸ் ஜூலையோட முடியுற மாதிரி பாத்துக்கோங்க. அங்க அரசு மியூசியம் எல்லாம் மாசத்தோட முதல் ஞாயிறு ஃப்ரீ, 20 வயசு நம்ம பொண்ணுக்கு மத்த நாள்ல முழு டிக்கெட். அதனால ஆகஸ்ட் முதல் ஞாயிறு ஃபுளோரன்ஸ்ல இருக்கணும், விடியக்காலையே வரிசைல நிக்கணும். மைக்கேலாஞ்சலோ செதுக்குன அஞ்சு மீட்டர் ஒசர டேவிட் சிலை அங்கதான் இருக்கு, பக்கத்துத் தெருவுலயே 1588ல மெடிச்சி ராஜாங்க ஆரம்பிச்ச கல் பதிக்கிற பட்டறையோட மியூசியம், தாஜ்மஹால்ல பாக்குறோமே பூ பூவா, அதே மாதிரி வேலை, அது திறந்திருக்குற நாள மட்டும் தனியா பாத்துக்கோங்க.

அங்கருந்து கராரா. டேவிட் சிலைக்குக் கல்லு வந்த மலை. ரயில்லருந்து பாத்தா பனி மாதிரி தெரியும், அது பனி இல்ல, வெட்டுன மார்பிள். ஃபான்டிஸ்கிரிட்டின்னு ஒரு இடத்துல மலைக்குள்ளயே கூட்டிட்டுப் போய் குவாரிய காட்டுவாங்க. பக்கத்துல பியெத்ராசாந்தான்னு சிற்பிங்க ஊரு, 1518ல மைக்கேலாஞ்சலோ கல்லு தேடி வந்த ஊரு, இன்னைக்கும் பட்டறைங்க ஓடுது, செதுக்கக் கத்துக் குடுக்குற சின்ன வகுப்பும் அந்தப் பக்கம் நடக்குது. நம்ம ஊரு கிரானைட்டுல உளிய நேரா வச்சு அடிச்சாத்தான் சில்லு பேந்து வரும், மார்பிள்ல சாய்ச்சு வச்சு இழைக்கணும், அதுக்குன்னு பல்லு வச்ச உளி, க்ராதினான்னு பேரு. அந்த வித்தியாசத்த அவ கை ஒரு வாரத்துல புடிச்சுக்கும். அப்பாவுக்கும் ஒரு சேதி சொன்னேன், நம்ம மாவட்டத்துக் கல்ல உலகம் பூரா பாரடைசோன்னு விக்கறாங்களே, அது இத்தாலிய வார்த்தை, சொர்க்கம்னு அர்த்தம். மனுஷன் கொஞ்ச நேரம் அமைதியாயிட்டாரு.

ஆகஸ்ட் 10க்குள்ள கிளம்பிடணும், 15ம் தேதி பண்டிகைய ஒட்டி பட்டறைங்க பூட்டிட்டு கடலுக்குப் போயிடுவாங்க. மொத்தம் அஞ்சரை வாரம், ஷெங்கன் விசாவோட (ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்து ஒரே விசா) 90 நாளுக்குள்ள வந்துரும். விசா ஃபீஸ் 90 யூரோ, 30,000 யூரோ கவரேஜ் இருக்குற இன்சூரன்ஸ், கோர்ஸ் சேர்ந்த கடிதம், தங்குற இடம், அப்பாவோட ஐடிஆர் (வருமான வரி கணக்கு), பேங்க் ஸ்டேட்மென்ட். கடைசி வாரத்துல யார்கிட்டயாவது கைமாத்து வாங்கி அக்கவுண்ட்ல போட்டு காட்டாதீங்க, அது ஸ்டேட்மென்ட்லயே பல்லக் காட்டும்.

செலவு மூணரை லட்சத்துக்குள்ள. அதுக்கு மேல ஒத்த ரூபா வேணாம், பத்தலைன்னா ரெண்டு ஊர வெட்டுங்க, கராராவ மட்டும் வெட்டாதீங்க. மத்த பொண்ணுங்களோட ரூம் ஷேர் பண்ணிக்கிட்டு சமைச்சுக்கலாம், லோக்கல் ரயில்ல போகலாம், பேப்பர் டிக்கெட்ட ஏறுறதுக்கு முன்னாடி மெஷின்ல பஞ்ச் பண்ணணும், இல்லன்னா ஃபைன். சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாளோன்னு அம்மாவுக்குக் கவலை. அக்கா, அந்தப் பக்கம் தோசைக்கல்லு மாதிரி ஒண்ணுல சுட்ட ரொட்டி விக்கறாங்க, உள்ள கீரை வச்சுக் குடுப்பாங்க, ரொட்டில உப்பு கம்மியா இருக்கும், ஊறுகா பாக்கெட் குடுத்து விடுங்க.

கல்லு செதுக்கறது பொம்பளப் புள்ள வேலையான்னு அத்தை கேப்பாங்களாம். கேக்கட்டும், அத்தையா கட்டணம் கட்டுறாங்க? திரும்பி வந்ததும் மாமல்லபுரத்துல 1957லருந்து இருக்குற அரசு சிற்பக்கலைக் கல்லூரிக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போங்க, பாத்துட்டு அவளே சொல்லட்டும், யூனிட்டா உளியான்னு.

பாஸ்போர்ட்டுக்கு இந்த வாரமே அப்ளை பண்ணிடுங்க. அப்புறம் கண்ணு, அந்தக் கோழிய முடிச்சு எடுத்துட்டுப் போ, பட்டறைல போய் நின்னா உனக்காக அதுதான் பேசும். உளிய மட்டும் கைப்பையில வச்சுடாத, ஏர்போர்ட்ல புடுங்கிருவாங்க, செக்இன் பெட்டியில போடு.