பழைய எஸ்யூவியில் ஃப்யூயல் பம்ப் எங்கே இருக்கும்? நாமே மாற்றலாமா?

கார்புரேட்டர் வண்டி என்றால் பம்ப் பெரும்பாலும் இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டிலேயே இரண்டு போல்ட்டில் நிற்கும். இன்ஜினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு பம்பின் கையைத் தள்ளித் தள்ளி இயக்கும். அதை மாற்றுவது சின்ன வேலை. பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் அநேகமாக டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கும். வேலை வாங்குவது இதுதான், கீழே சொல்வதும் இதற்குத்தான். டீசல் கதை வேறு.

பின் சீட்டைத் தூக்கி, டிக்கி கார்பெட்டையும் விலக்கிப் பாருங்கள். ஸ்க்ரூ போட்ட தகட்டு மூடி இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லையென்றால் டேங்கை இறக்கியே ஆக வேண்டும். மூடி இல்லாத வண்டியில் தரையை கிரைண்டரால் வெட்டி வழி செய்கிறவர்கள் உண்டு. பெட்ரோல் டேங்குக்கு மேலே பொறி பறக்கவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்கெல்லாம் முன்னால், பம்ப்தான் போயிருக்கிறதா என்று பாருங்கள். சாவியை ஆன் செய்ததும் பெரும்பாலான வண்டிகளில் பின்பக்கம் இரண்டு விநாடி முனகல் கேட்கும். கேட்கவில்லையென்றால் ஃப்யூஸைப் பாருங்கள், பம்புக்கான ரிலேவுக்கு (கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்) பதிலாக அதே வகை ரிலே ஒன்றை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் போன்றவற்றில் மோதல் நடந்தால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா ஸ்விட்ச் உண்டு. பெரிய பள்ளத்தில் இறங்கினாலே சில நேரம் தட்டிவிடும். பிறகு பம்பின் கனெக்டரைக் கழற்றாமல், பம்ப் ஓட வேண்டிய அந்த இரண்டு விநாடியில் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். பேட்டரி வோல்ட்டேஜைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிங்கிலோ எர்த்திலோ கோளாறு. கரண்ட் சரியாக வந்தும் சத்தமில்லை என்றால் பம்ப் போய்விட்டது. டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டினதும் ஸ்டார்ட் ஆகிறதா? அப்போதும் பம்ப்தான், மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். சத்தம் இருந்தும் வண்டி இழுக்கவில்லை என்றால் ஃப்யூயல் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாய்) அழுத்தம் காட்டும் கேஜ் போட்டு, மேனுவலில் உள்ள அழுத்தம் வருகிறதா பாருங்கள். ஃபில்டர் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

மாற்றுவதற்கு முன் டேங்கைக் கால்வாசிக்குக் கீழே கொண்டுவாருங்கள். லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ. 40 லிட்டரோடு இறக்கினால் 30 கிலோ தளும்பும். பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் லைனில் அழுத்தம் இறங்கிவிடும். ஏற்கெனவே ஸ்டார்ட் ஆகாத வண்டியில் அது முடியாது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, லைனைத் துணி சுற்றி மெதுவாகக் கழற்றுங்கள். இந்த வேலையைக் குழிக்குள் இறங்கிச் செய்யாதீர்கள், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், குழியில்தான் தேங்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டேங்கின் மேல் படிந்த மண்ணைத் துடைத்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் உள்ளே கொட்டும். பம்ப் தொகுதியைப் பிடித்திருக்கும் லாக் ரிங்கை இரும்பு உளியால் தட்டாமல் பித்தளை அல்லது மரக்கட்டை வைத்துச் சுற்றுங்கள். பம்ப் தொகுதியை நேராக இழுத்தால் மிதவைக் கம்பி வளைந்து, அப்புறம் பெட்ரோல் முள் பொய் சொல்லும். சாய்த்து, மிதவையைக் கடைசியாக வெளியே எடுங்கள்.

பம்பை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் அடியில் உள்ள வலைச் சாக்கும் (பெட்ரோலை வடிகட்டும் பை) ஓ-ரிங்கும் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கட்டாயம் புதிது. உள்ளே போடும் சிறு ஹோஸ் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கத் தகுந்த எஸ்ஏஇ 30ஆர்10 தரமாக இருக்க வேண்டும். சாதாரண ஹோஸ் ஊறி உப்பி, கிளிப்பிலிருந்து நழுவும். புது பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், ரெயிலுக்குப் பெட்ரோல் போகாது. பழைய கனெக்டரின் பின் கருகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். டேங்கின் அடியில் துரு கண்டால் கழுவாமல் மூடாதீர்கள், புது பம்பும் சீக்கிரம் போய்விடும். வெளி ஃபில்டரையும் கையோடு மாற்றுங்கள்.

மாட்டி முடித்ததும் பத்து லிட்டராவது ஊற்றிவிட்டுச் சாவி போடுங்கள், பம்புக்கு பெட்ரோல்தான் குளிர்ச்சி. ஆன், ஆஃப் என்று மூன்று நான்கு தடவை செய்தால் லைன் நிரம்பும். அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்து, மூடியைப் பூட்டும் முன் ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். டேங்கை நிரப்பிய பிறகு இன்னொரு தடவை பாருங்கள். ஓ-ரிங் சரியாக உட்காராதது அப்போதுதான் கசிந்து காட்டும்.