கல்லட்டி இறக்கத்தில் ‘ஈஸி ரைடர்’

கேள்வி: ‘ஈஸி ரைடர்’ என்ற அமெரிக்கப் படம் பார்த்த ஜோரில் பைக் ஹேண்டில்பாரில் செல்போனைக் கட்டிக்கொண்டு ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி வரை வீடியோ எடுத்தேன். பார்த்தால் தலை சுற்றுகிறது. அந்தப் படத்தின் சுகம் ஏன் வரவில்லை சார்?
– ஊட்டி வாசகர்

பதில்: சுற்றாமல் என்ன செய்யும், 36 கொண்டை ஊசி வளைவிலும் ஹேண்டில்பார் திரும்பிய பக்கமெல்லாம் கேமராவும் திரும்பியிருக்கிறதே! அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் லாஸ்லோ கோவாக்ஸ் திறந்த கார் ஒன்றில் கேமராவை வைத்துக்கொண்டு பைக்குகளோடு கூடவே போனார். இரண்டும் ஒரே வேகம் என்பதால் நாயகன் பீட்டர் ஃபோண்டா ஃபிரேமுக்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பார், பின்னால் பாலைவனம் நகர்ந்துகொண்டே இருக்கும். சுகம் அங்கேதான் இருக்கிறது. லென்ஸில் வெயில் பட்டு வட்டம் வட்டமாகத் தெறிப்பதைப் பிழை என்று ஒதுக்கிய காலம் அது. 1969இல் வந்த இந்தப் படம் அதைக் கூச்சமில்லாமல் வைத்துக்கொண்டது.

அப்புறம் எடிட்டிங். சில இடங்களில் அடுத்த காட்சி கண் சிமிட்டுகிற மாதிரி வந்து வந்து மறைந்து, அதற்குப் பிறகுதான் நிலைக்கும் (முதல் தடவை பார்த்தபோது டிவிடி கோளாறு என்று நினைத்து நான் அதைத் துடைத்துப் போட்டேன்!). மணிக்கணக்கில் பைக் ஓடுவதையே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த எடிட்டர் டான் கேம்பர்ன், சலிப்புத் தட்டாமலிருக்கத் தன்னிடமிருந்த ராக் இசைத்தட்டுகளை அதன்மேல் ஓடவிட்டார். தற்காலிகமாகப் போட்ட அந்தப் பாட்டுகளில் பல படத்திலேயே தங்கிவிட்டன.

நம் மலையில் அந்த நீண்ட நேர்ச்சாலைக்கு எங்கே போவது? இங்கே வண்டிக்கு முன்னால் ஹாரன்தான் வரும். பத்திரமான இடம் பார்த்து, மேல் வளைவின் ஓரச்சுவரில் போனை அசையாமல் வையுங்கள். கீழ் வளைவில் நண்பர் வரட்டும். சத்தம் முதலில், வண்டி பிறகு, மரங்களுக்குள் மறைந்து மறுபடி சத்தம். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவதை மட்டும் அந்தப் படத்திலிருந்து காப்பி அடிக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு பேர் சும்மா பைக்கில் போவதெல்லாம் ஒரு கதையா?
– குன்னூர் வாசகர்

பதில்: சும்மாவா? போதைப்பொருள் விற்ற பணத்தை டேங்கில் ஒளித்துக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் கிளம்புகிறார்கள். புறப்படும்போது ஃபோண்டா கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு மண்ணில் வீசுவார், வசனமே கிடையாது. லூசியானாவில் ஒரு ஓட்டல் காட்சி வரும். அந்த ஊர்க்காரர்களையே உட்கார வைத்து எடுத்தது. இவர்களுடைய நீண்ட முடியைப் பார்த்து அவர்கள் கிண்டலடிப்பது சத்தமாகவே காதில் விழும். ஆர்டர் எடுக்க யாரும் வர மாட்டார்கள். வழியில் சேர்ந்த வக்கீலையும் கூட்டிக்கொண்டு, மூன்று பேரும் சாப்பிடாமலே எழுந்து போவார்கள்.