கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்

அன்புள்ள சார்,

நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 12. இருவரும் சாரணர் இயக்கத்தின் சிறு பிள்ளைகள் பிரிவான கப் ஸ்கவுட்டில் தொடங்கி இப்போது அவரவர் ட்ரூப்பில் (பெரிய பிள்ளைகளின் சாரணர் படையில்) இருக்கிறார்கள். மகன் ஃபர்ஸ்ட் கிளாஸ் ரேங்க்குக்கான எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ரேங்க் தருமுன் பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் போர்டு ஆஃப் ரிவியூவுக்குப் போனான். அங்கே ஒருவர் கயிற்றைக் கையில் கொடுத்து டாட் லைன் ஹிட்ச் முடிச்சு போடச் சொல்லியிருக்கிறார். பதற்றத்தில் அவனுக்கு வரவில்லை. அடுத்த மாதம் வா என்று அனுப்பிவிட்டார்கள். அது டென்டர்ஃபுட் என்ற முந்தைய ரேங்க்கிலேயே கையெழுத்து வாங்கிய முடிச்சு. மகளுக்கு வேறு சிக்கல். ஃபர்ஸ்ட் கிளாஸில் நீச்சல் மட்டும் பாக்கி, தண்ணீர் என்றால் பயம். அதற்குப் பதில் வேறு ஏதாவது செய்யவைத்து முடித்துவிடக் கூடாதா என்று கேட்டால் ஸ்கவுட்மாஸ்டர் முடியவே முடியாது என்கிறார். ஓரிடத்தில் இல்லாததைக் கேட்கிறார்கள், இன்னோர் இடத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள்.

மகன் 15 வயதுக்குள் உச்ச ரேங்க்கான ஈகிள் ஆகிவிட வேண்டும் என்று எக்ஸெல்லில் திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். என் கணவர் மெரிட் பேட்ஜ் (ஒரு துறையைக் கற்றுச் செய்துகாட்டி வாங்கும் சின்னம்) தேர்ச்சிக்குக் கையெழுத்துப் போடும் கவுன்சிலராகப் பதிவு செய்துகொண்டால் சில பேட்ஜ்களை வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தோம். சொந்தப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்று ட்ரூப்பின் நிர்வாகக் கமிட்டியில் ஒருவர் சொல்லிவிட்டார். பெற்றோர் யாரும் உதவிக்கு வருவதில்லை என்று குறை சொல்வதும் அதே கமிட்டிதான். கூடாரம் கட்டக்கூடத் தெரியாத நாங்கள் என்னதான் செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

முடிச்சு விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் உங்கள் மகனுக்கு நடந்தது தவறு. ஸ்கவுட்டில் ஒரு ரேங்க்குக்கு நான்கு படிகள்: பையன் கற்றுக்கொள்கிறான், அதைச் செய்துகாட்டிக் கையெழுத்து வாங்குகிறான், பிறகு போர்டு அவனோடு உட்கார்ந்து பேசுகிறது, கடைசியில் ரேங்க் கிடைக்கிறது. சோதனை இரண்டாவது படியோடு முடிந்துவிட்டது. அங்கே கையெழுத்து விழுந்த பிறகு அதே முடிச்சை இன்னொருவர் மறுபடி போட்டுக்காட்டச் சொல்ல முடியாது. போர்டு மறுதேர்வு கிடையாது என்று ரேங்க் விதிகளுக்கான கையேடு, கைடு டு அட்வான்ஸ்மென்ட், ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. போர்டில் உட்காரும் மூன்று முதல் ஆறு பெரியவர்கள் பார்க்க வேண்டியது வேறு. பையனுக்கு ட்ரூப்பில் என்ன பிடிக்கிறது, எந்த கேம்பிங் கசந்தது, பெட்ரோலில் (ட்ரூப்புக்குள் இருக்கும் சிறு குழுவில்) அவன் பேச்சை யாராவது கேட்கிறார்களா, அடுத்து என்ன செய்ய நினைக்கிறான், இதையெல்லாம் அவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பையனைப் பார்க்கிற அளவுக்கு ட்ரூப் எப்படி நடக்கிறது என்பதையும் அவர்கள் பார்க்கிறார்கள். ஃபர்ஸ்ட் கிளாஸ் வரை வந்த பையனுக்கு ஒரு முடிச்சு வரவில்லை என்றால், அந்த ட்ரூப்பில் கற்ற முடிச்சைப் பயன்படுத்தும் வாய்ப்பே பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை என்று அர்த்தம். போர்டு அதைக் குறித்துவைத்து ஸ்கவுட்மாஸ்டரிடம் பேசியிருக்க வேண்டும். பையனைத் திருப்பி அனுப்பியது அநியாயம்.

என்ன செய்யலாம் என்றால், கமிட்டி சேர்மனிடம் போய் அமைதியாக ஒன்று கேளுங்கள்: எந்த நிபந்தனை பாக்கி என்பதை எழுத்தில் தர முடியுமா? ஒரு போர்டு மறுத்தால், காரணத்தையும் அடுத்து என்ன செய்தால் ரேங்க் கிடைக்கும் என்பதையும் பையனுக்கு எழுத்துமூலம் சொல்லியாக வேண்டும், அதற்கு மேல் முறையிடவும் வழி உண்டு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. எழுத உட்கார்ந்தாலே எழுத ஒன்றுமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒன்று மட்டும், மகனையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள். அவன் ரேங்க், அவன் கேள்வி.

சரி, மகள். ஸ்கவுட்மாஸ்டர் சொல்வது முழுக்கச் சரி, அவர் இந்த இடத்தில் அசையாமல் நிற்பதற்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். அந்தச் சோதனை மொத்தம் 100 யார்டு: தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் குதித்து, 75 யார்டு நல்ல வலுவோடு நீந்தி, மீதி 25 யார்டு களைப்பில்லாமல் நிதானமாக மல்லாந்து நீந்தி, கடைசியில் அசையாமல் மிதந்து ஓய்வெடுத்துக் காட்ட வேண்டும். ஸ்கவுட் முகாம்களில் ஏரியில் யார் எவ்வளவு ஆழத்துக்குப் போகலாம், யாரைப் படகில் ஏற்றலாம் என்பதெல்லாம் இந்தச் சோதனையை வைத்துத்தான் முடிவாகிறது. நீந்தத் தெரியாத பெண்ணுக்கு நீந்தத் தெரியும் என்று ஒரு கையெழுத்து விழுந்தால், பிறகு ஏதோ ஒரு கோடைக்கால முகாமில் அந்தக் கையெழுத்தை நம்பி ஒருவர் அவளைத் தண்ணீருக்குள் விடுவார். விட்டுக்கொடுக்கும் விஷயமா இது? உடற்குறையோ நிரந்தரமான மருத்துவக் காரணமோ இருந்தால் மருத்துவரின் அறிக்கையோடு வட்டார ஸ்கவுட் நிர்வாகமான கவுன்சிலுக்கு விண்ணப்பித்து மாற்று நிபந்தனை கேட்கலாம், அது முறையான வழி. பயத்துக்கு அப்படி வழி இல்லை. அவளுக்கு அவசரமும் இல்லை. மெரிட் பேட்ஜ்களை எந்த ரேங்க்கில் இருந்தாலும் செய்யலாம், ஆகவே நீச்சல் கற்றுக்கொள்ளும் காலம் வீணாகாது. ஃபர்ஸ்ட் கிளாஸுக்குப் பிறகான மாதக்கணக்கு மட்டும்தான் காத்திருக்கும், காத்திருக்கட்டுமே.

இரண்டு பிள்ளைகளுக்கும் நான் சொன்ன பதில் ஒரே விதியிலிருந்துதான் வருகிறது. ரேங்க் நிபந்தனைகளைக் கூட்டவோ குறைக்கவோ எந்த கவுன்சிலுக்கும், எந்த ட்ரூப்புக்கும், எந்தத் தனிமனிதருக்கும் அதிகாரம் கிடையாது. கையேட்டில் எனக்கு மிகப் பிடித்த விதி அது. செய்துகாட்டு என்று எழுதியிருந்தால் செய்துகாட்ட வேண்டும், வாயால் சொன்னால் போதாது. விளக்கு என்று இருந்தால் விளக்கினால் போதும், கட்டுரை எழுதிவா என்று கேட்க முடியாது. புத்தகத்தில் அச்சாகியிருப்பதைச் செய்தால் ரேங்க் உனக்கு என்று பெரியவர்கள் ஒரு 11 வயதுக் குழந்தைக்கு வாக்குக் கொடுக்கிறார்கள், அந்த வாக்கை ஒரு பெரியவர் கண்டிப்பின் பெயரால் உடைத்தாலும் இன்னொருவர் பாசத்தின் பெயரால் உடைத்தாலும் குழந்தைக்கு நேர்வது ஒன்றுதான், அடுத்த வாக்கை அது நம்பாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வருகைக்கு ட்ரூப் நியாயமான எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ளலாம், அது நிபந்தனையைக் கூட்டுவது ஆகாது, முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை எட்டாத பையன் அந்த நாட்களில் பள்ளியிலோ கோயிலிலோ விளையாட்டிலோ என்ன செய்துகொண்டிருந்தான் என்று விளக்கினால் அதையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

எக்ஸெல் விஷயத்துக்கு வருகிறேன். கணக்குப்படி உங்கள் திட்டம் சாத்தியம்தான். ஃபர்ஸ்ட் கிளாஸிலிருந்து அடுத்த ரேங்க்கான ஸ்டாருக்கு 4 மாதம், அங்கிருந்து அதற்கடுத்த லைஃபுக்கு 6, ஈகிளுக்கு இன்னொரு 6, ஆக 16 மாதத்துக்குக் குறைந்து யாராலும் போக முடியாது. மெரிட் பேட்ஜ்கள் 21. அவற்றில் சில, நாள் கணக்கு கேட்பவை: கேம்பிங்குக்கு 20 இரவுகள், பெர்சனல் மேனேஜ்மென்ட்டுக்கு 13 வாரம் வரவு செலவு எழுத வேண்டும், பெர்சனல் ஃபிட்னஸுக்கு 12 வாரம் உடற்பயிற்சி. ஸ்டாரிலிருந்தே ட்ரூப்பில் ஒரு பொறுப்பும் ஏற்று நடத்த வேண்டும், இங்கே பல பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் உதவி பெட்ரோல் லீடர் பதவி இதில் கணக்கில் வராது. பெட்ரோல் லீடர், ஸ்க்ரைப் (குறிப்பெழுதுபவர்), க்வார்ட்டர்மாஸ்டர் (பொருட்களைப் பார்த்துக்கொள்பவர்), டென் சீஃப் (கப் ஸ்கவுட் குழுவுக்கு உதவுபவர்) போன்றவைதான் வரும். இதையெல்லாம் நீங்கள் எக்ஸெல்லில் ஏற்கெனவே வைத்திருப்பீர்கள். என் வேண்டுகோள், அந்தக் கோப்பை மகனிடம் கொடுத்துவிடுங்கள், பிறகு திறந்து பார்க்காதீர்கள். கப் ஸ்கவுட்டில் அம்மா அப்பாதான் கூடவே செய்து கையெழுத்தும் போடுகிறோம், அந்த வயதுக்கு அது சரி. ட்ரூப்பில் கையெழுத்துப் போடுவது ஸ்கவுட்மாஸ்டரும் அவர் பொறுப்புக் கொடுத்தவர்களும். பல ட்ரூப்களில் அது 15, 16 வயதுப் பிள்ளைகள்தான், சின்னவன் தேடிப்போய் அண்ணா பார்க்கிறீர்களா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குகிறான். நம் பெற்றோரில் பலர் ஈகிளைக் கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரியாகப் பார்க்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 14 வயதில் அம்மாவின் திட்டப்படி ஈகிள் ஆன பையனைவிட, 17 வயதில் தானே தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தவன் அதிகம் கற்றிருப்பான் என்று நான் நம்புகிறேன். 18வது பிறந்தநாளுக்கு முன்பு முடித்தால் போதும்.

உங்கள் கணவர் கவுன்சிலர் ஆவதைப் பொறுத்தவரை, கமிட்டிக்காரர் சொன்னதற்கு விதியில் இடமில்லை. கவுன்சில் அங்கீகரித்த கவுன்சிலர் யாருக்கும் கையெழுத்துப் போடலாம், சொந்தப் பிள்ளைக்கும்தான். ஒரே கவுன்சிலரிடம் இத்தனை பேட்ஜ்தான் வாங்கலாம் என்று ஸ்கவுட்மாஸ்டர் வரம்பு வைக்கலாம், ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். விதி இடம் கொடுத்தாலும் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். மெரிட் பேட்ஜில் பாடத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: வெட்கப்படுகிற ஒரு 13 வயதுப் பையன், முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்குத் தானே மின்னஞ்சல் எழுதி, நேரம் கேட்டு, ஒரு நண்பனையும் கூட்டிக்கொண்டு போய், தான் செய்ததை எடுத்துச்சொல்லிவிட்டு வருகிறான். அந்தப் பெரியவர் எலக்ட்ரீஷியனாகவோ நர்ஸாகவோ ஓய்வுபெற்ற ராணுவக்காரராகவோ இருப்பார். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முடித்தால் பேட்ஜ் கிடைக்கும், இது கிடைக்காது. உங்கள் கணவர் தாராளமாகப் பதிவு செய்துகொள்ளட்டும், தன் தொழில் சார்ந்த பேட்ஜ்களை எடுத்துக்கொள்ளட்டும், மற்றவர்களின் பிள்ளைகள் வரட்டும். உங்கள் பையன் அவர்களுடைய அப்பாவிடம் போவான்.

கடைசிக் கேள்வி. கூடாரம் தெரியாதது ஒரு தடையே இல்லை, ஏனென்றால் ட்ரூப்பில் கூடாரம் கட்ட வேண்டியவர்கள் பிள்ளைகள். வரவு செலவு பார்க்க ஒருவர் வேண்டும், ரேங்க் பதிவுகளைச் சரிபார்க்க ஒருவர் வேண்டும், உங்கள் எக்ஸெல் திறமைக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. கமிட்டியில் சேர்ந்தால் போர்டு ஆஃப் ரிவியூவிலும் உட்காரலாம், உங்கள் பிள்ளைக்கு மட்டும் உட்கார முடியாது. அடுத்த முறை யாராவது கயிற்றை எடுத்தால் கீழே வையுங்கள் என்று சொல்ல அங்கே ஒருவர் இருப்பார்.

ஆனால் உங்களை எங்கே அதிகம் தேடுகிறார்கள் தெரியுமா? எந்த நிகழ்ச்சிக்கும் 21 வயது நிறைந்த, பதிவு பெற்ற பெரியவர்கள் இரண்டு பேராவது இருந்தாக வேண்டும். 2019-லிருந்து பெண் பிள்ளைகளுக்கும் ட்ரூப்கள் வந்துவிட்டன, அங்கே அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அந்த ஒருவர் கிடைக்காவிட்டால் கேம்பிங்கே ரத்து. மகளின் ஸ்கவுட்மாஸ்டரிடம் நான் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர்களுக்கான விண்ணப்பம், பின்னணிச் சரிபார்ப்பு, ஆன்லைனில் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி, இவை முடிய நாளாகும், அதனால் அடுத்த கேம்பிங் தேதியைக் கேட்டுக்கொண்டு இப்போதே தொடங்குங்கள். அங்கே போனதும் பிள்ளைகளின் அடுப்புப் பக்கம் போகாதீர்கள், சோறு குழைந்தாலும் தீய்ந்தாலும் அவர்கள் பாடு. கத்தி, நெருப்பு, தண்ணீர் இந்த மூன்றிலும் மட்டும் கண் இருக்கட்டும்.